உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும்: 1951-ல பொறந்து 1954-ல காணாம போன கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இப்படி ரெண்டு கட்சி இருந்துச்சா? நான் கேள்விப்பட்டதே இல்லையே?

இருந்துச்சுங்க. தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி ஒண்ணு, பழைய பேப்பர்ல டாய்லர்ஸ் கட்சின்னு போட்டிருப்பாங்க. இன்னொண்ணு காமன்வீல் கட்சி. ரெண்டுமே 1951-ல, சுதந்திரம் வந்தப்புறம் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்காக ஆரம்பிச்சது. 1952 தேர்தல்ல உழைப்பாளர் கட்சி 19 எம்எல்ஏ, காமன்வீல் 6 எம்எல்ஏ, லோக்சபாவுக்கு 4 பேர், 3 பேர். அப்புறம் 1954-லயே ரெண்டும் கலைஞ்சு காங்கிரஸோட சேர்ந்துடுச்சு. மூணு வருஷம் கூட முழுசா ஓடல. அதனாலதான் நம்ம ஸ்கூல் புக்ல இல்ல, அரசியல் பேசுற பெரியவங்க கூட ஒரு வரில சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்கு போயிடுவாங்க. ஆனா வட தமிழ்நாட்டு அரசியல் இன்னைக்கு ஏன் இப்படி இருக்குன்னு புரியணும்னா இங்கேருந்துதான் ஆரம்பிக்கணும்னு நான் நினைக்கிறேன், அதனால கேட்கிறவங்களுக்கெல்லாம் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

25 எம்எல்ஏ எல்லாம் ஒரு பெரிய விஷயமா?

அந்த நேரத்துல ரொம்ப பெரிய விஷயம். அப்ப மெட்ராஸ் ஸ்டேட்னா இப்ப இருக்கிற தமிழ்நாடு மட்டும் இல்ல, ஆந்திரா கடலோர மாவட்டங்கள், ராயலசீமா, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்தது, மொத்தம் 375 சீட். காங்கிரஸ் ஜெயிச்சது 152, மெஜாரிட்டிக்கு 188 வேணும். 36 சீட் குறையுது. கம்யூனிஸ்டுங்க 62, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 35. முதலமைச்சரா இருந்த குமாரசாமி ராஜாவே தோத்துட்டாரு, பக்தவத்சலமும் தோத்துட்டாரு. அந்த நிலைமையில கையில 25 பேரை வச்சிருந்தா யார் வேணா வாசல்ல வந்து நிப்பாங்க.

இன்னொரு விதமாவும் பாருங்க. தமிழ் மாவட்டங்கள்ல மட்டும் 190 சீட், அதுல காங்கிரஸ் 96, இந்த ரெண்டு கட்சியும் சேர்ந்து 25. அந்த 25-ம் தென் ஆற்காடு, வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம் பக்கமே குவிஞ்சு கிடந்துச்சு. மெட்ராஸ்ல உக்காந்து பார்த்தா சின்ன கட்சிதான், ஆனா விழுப்புரம் திண்டிவனம் பக்கம் போனா அதுதான் பெரிய கட்சி.

யார் ஆரம்பிச்சாங்க? எதுக்கு?

இது வன்னியர் சங்கத்துல இருந்து வந்தது. வன்னியகுல சத்திரியர் சங்கம்னு 1888-லயே ஆரம்பிச்சிருக்காங்க, முதல்ல சென்சஸ்ல தங்களை எப்படி எழுதுறாங்கங்கறதுக்காகத்தான் போராட்டம். கீழான பேர்ல எழுதாதீங்க, சத்திரியர்னு எழுதுங்கன்னு மனு மேல மனு. 1931 சென்சஸ்ல அந்த பேரை மாத்தி எழுத வச்சாங்க. அதுவரைக்கும் மரியாதைக்கான போராட்டம். அதுக்கப்புறம்தான் பேர் மட்டும் மாறி என்ன பண்றது, படிப்பு எங்க, வேலை எங்க, பதவி எங்கங்கற கேள்வி வந்துச்சு.

நிலத்துல பாடுபடுற ஜனம். சொந்த நிலம் கொஞ்சம் வச்சிருந்தவங்க உண்டு, குத்தகைக்கு ஓட்டினவங்க, கூலிக்கு போனவங்கதான் நிறைய. மாநிலம் முழுக்க எடுத்தா பத்துல ஒரு பங்கு, ஆனா அந்த நாலு மாவட்டத்துல நாலுல ஒரு பங்கு. அவ்வளவு பேர் இருந்தும் அரசாங்க வேலையிலயும் காங்கிரஸ் லிஸ்ட்லயும் அவங்க ஆளுங்க பேரைத் தேடணும். எங்க ஓட்டு வேணும் எங்க ஆள் வேணாமாங்கற கோபம் அது. நியாயமான கோபம்தான்.

1949-ல தென் ஆற்காடு ஜில்லா போர்டு தேர்தல்ல சங்கமே ஆள் நிறுத்தி காங்கிரஸை எதிர்த்து 52-ல 22 இடம் ஜெயிச்சாங்க. அங்கதான் தெம்பு வந்துச்சு. அடுத்து வர்றது வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டு இருக்கிற முதல் தேர்தல், இதுவரைக்கும் சொத்து வச்சு வரி கட்டினவனுக்குதான் ஓட்டு, இனிமே ஏர் ஓட்டுறவனுக்கும் உண்டு, தலையை எண்ணினா நாமதானே ஜாஸ்தி. இந்த கணக்கு புரிஞ்ச உடனே 1951-ல கட்சி.

அப்ப ஏன் ரெண்டு கட்சி? ஒண்ணா ஆரம்பிக்க வேண்டியதுதானே?

ஒண்ணா ஆரம்பிக்கணும்னுதான் மாநாடு போட்டாங்க. முடியல. தென் ஆற்காடு, சேலம் பக்கம் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் பின்னாடி போச்சு, வட ஆற்காடு, செங்கல்பட்டு பக்கம் எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கர் பின்னாடி போச்சு. படையாட்சியார் கடலூர்காரர், 1918-ல பொறந்தவர், தேர்தல் அப்ப வயசு 33தான், அதுக்குள்ளயே கடலூர் நகராட்சித் தலைவரா இருந்தவர், மேடையும் கூட்டமும் அவர் பலம். மாணிக்கவேலு நாயக்கர் அவரை விட ஒரு தலைமுறை மூத்தவர், வக்கீல், பழைய சுயராஜ்யக் கட்சி நாள்ல இருந்து அரசியல் பார்த்தவர்.

படையாட்சிங்கற பட்டம் ஒரு பக்கம், நாயக்கர்ங்கற பட்டம் ஒரு பக்கம், நடுவுல நூறு மைல் தூரம், அந்தந்த ஊர்ல அந்தந்த பெரிய குடும்பம். சங்கம்னு சொல்றப்ப ஒண்ணு, பதவின்னு வர்றப்ப ரெண்டு. இது அந்த சமூகத்துக்கு மட்டும் நடந்ததில்ல, எந்த சாதி சங்கம் கட்சியா மாறினாலும் முதல்ல விழுற விரிசல் இதுதான்.

திமுகவுக்கும் இவங்களுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு, இதை கட்டாயம் தெரிஞ்சுக்கணும். திமுக 1949-ல ஆரம்பிச்சது, 1952 தேர்தல்ல நிக்கல. நிக்காம சும்மா இருக்கல, திராவிட நாடு கோரிக்கையை சட்டசபையில ஆதரிப்போம்னு கையெழுத்து போட்டு குடுக்கிற வேட்பாளருக்கு பிரசாரம் பண்ணுவோம்னாங்க. உழைப்பாளர் கட்சியும் காமன்வீலும் அந்த ஏற்பாட்டுக்குள்ள வந்தாங்க. திமுக பேச்சாளருங்க ஊர் ஊரா போய் இவங்களுக்காக பேசினாங்க. இவங்ககிட்ட ஜனக்கட்டு இருந்துச்சு, அவங்ககிட்ட பேச்சு இருந்துச்சு, ரெண்டும் சேர்ந்தப்ப வட மாவட்டத்துல காங்கிரஸ் ஆடிப்போச்சு.

ஜெயிச்சு வந்த உடனே இவங்க காங்கிரஸ் பக்கம் சாய்ஞ்சதுல திமுகவுக்கு ரொம்ப வருத்தம். இன்னொருத்தனுக்கு வேலை செஞ்சு ஜெயிக்க வச்சா இப்படித்தான் ஆகும், நாமே நிக்கணும்ங்கற எண்ணம் கட்சிக்குள்ள வலுக்கிறதுக்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். 1957-ல அவங்களே நின்னாங்க, 15 பேர் ஜெயிச்சாங்க.

மாணிக்கவேலு நாயக்கர் எப்படி மந்திரி ஆனாரு?

1952 தேர்தல் முடிஞ்ச உடனே முன்னாள் முதலமைச்சர் பிரகாசம் தலைமையில எதிர்க்கட்சி எல்லாம் ஐக்கிய ஜனநாயக முன்னணின்னு சேர்ந்து எங்களுக்குதான் மெஜாரிட்டின்னு கவர்னர்கிட்ட போனாங்க. அதுல கம்யூனிஸ்டுங்கதான் பெரிய பங்கு. கம்யூனிஸ்ட் ஆட்சி வந்துடும்னு டெல்லி வரைக்கும் பயம். அப்ப ஓய்வுல இருந்த ராஜாஜியை கூப்பிட்டாங்க, அவர் தேர்தல்ல நிக்கவே இல்ல, கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமிச்சு, 1952 ஏப்ரல் 10-ல முதலமைச்சரா பதவி ஏத்தாரு. ஆள் குறையுதே, எங்க தேடுறது? காமன்வீல்ல 6 பேர் இருக்காங்க. மாணிக்கவேலு நாயக்கர் வருவாய்த்துறை மந்திரி ஆயிட்டாரு, 6 பேரும் அரசாங்கத்தோட.

சொல்லப்போனா காமன்வீல் கட்சி கதை அங்கயே முடிஞ்சு போச்சு, 1954 வரைக்கும் பேர் மட்டும்தான் இருந்துச்சு. உழைப்பாளர் கட்சிக்கு 1954 வரைக்கும் மந்திரிசபையில இடம் இல்ல.

இது துரோகம்தானே? ஓட்டு வாங்கினது காங்கிரஸை எதிர்த்து, சேர்ந்தது காங்கிரஸோட?

இந்த கேள்வி கேட்டாலே ரெண்டு பக்கமும் சண்டை வந்துடும். என் கருத்தை நேரா சொல்றேன்.

திமுகவோட போட்ட ஒப்பந்தத்துக்கு அது துரோகம்தான், அதுல சந்தேகமே இல்ல, கையெழுத்து போட்டுட்டு மாறினா வேற என்ன பேர். ஆனா ஓட்டு போட்ட ஜனங்களுக்கு துரோகமா? அவங்க திராவிட நாட்டுக்காக ஓட்டு போடல. நம்ம ஆள் மேல வரணும், தாலுகா ஆபீஸ்ல நம்மளை உக்கார சொல்லணும், புள்ளைக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்கணும், அதுக்காக போட்டாங்க. நம்ம ஆள் மந்திரி ஆனதுல அவங்களுக்கு சந்தோஷம்தான் இருந்திருக்கும். எதிர்க்கட்சி பெஞ்சுல அஞ்சு வருஷம் உக்காந்து ஒண்ணும் ஆகப்போறதில்லன்னு நினைக்கிறதும் தப்பில்ல. ஆட்சியில பங்கு கேக்கிறதுக்குத்தானே கட்சியே ஆரம்பிச்சது.

என்னோட குறை வேற. ஆட்சியில சேர்ந்தது தப்பில்ல, கட்சியை கலைச்சதுதான் தப்பு. கூட்டணி போட்டிருந்தா நாளைக்கு பிடிக்கலன்னா வெளிய வரலாம், அந்த பயம் முதலமைச்சருக்கு இருந்துகிட்டே இருக்கும். கலைச்சுட்டு உள்ள போனா அந்த பயம் போயிடும். 19 பேர் இருக்கிற கட்சித் தலைவரா இருந்தவரு, அப்புறம் நூத்துக்கணக்கான காங்கிரஸ் தலைவர்கள்ல ஒருத்தர் ஆயிடுறாரு.

1954-ல சரியா என்ன நடந்துச்சு?

1953 அக்டோபர் 1-ல ஆந்திரா பிரிஞ்சு போச்சு, அதோட சட்டசபை கணக்கே மாறிடுச்சு. அதே வருஷம் ராஜாஜி கொண்டு வந்த அரைநாள் பள்ளி திட்டம், குலக்கல்வின்னு பேர் வாங்கினது, ஊரெல்லாம் எதிர்ப்பு, காங்கிரஸுக்குள்ளயே எதிர்ப்பு. ராஜாஜி விலகினாரு, 1954 ஏப்ரல் 13-ல காமராஜர் முதலமைச்சர்.

காமராஜர் அப்ப ஸ்ரீவில்லிபுத்தூர் எம்பி, எம்எல்ஏ ஆகணும், அதுக்கு அவர் தேர்ந்தெடுத்தது வட ஆற்காட்டுல இருக்கிற குடியாத்தம். தன்னோட ஊர் பக்கம் நிக்காம வடக்க வந்து நின்னாரு. பெரியார் ஆதரவு குடுத்தாரு, திமுகவும் குடுத்துச்சு. எதிர்த்து நின்னது கம்யூனிஸ்ட்.

அவர் அமைச்ச மந்திரிசபை ரொம்ப சின்னது, அவரையும் சேர்த்து 8 பேர். அந்த 8-ல மாணிக்கவேலு நாயக்கர் ஒருத்தர், ராமசாமி படையாட்சியார் ஒருத்தர். நாலுல ஒரு பங்கு! ரெண்டு வருஷம் முன்னாடி காங்கிரஸை எதிர்த்து ஜெயிச்ச ரெண்டு கட்சித் தலைவருங்க. உழைப்பாளர் கட்சி கலைஞ்சுது, காமன்வீலும் கலைஞ்சுது, எம்எல்ஏங்க காங்கிரஸ் ஆயிட்டாங்க.

காமராஜர் இதை எதிரியை கவுக்கிற வேலையா மட்டும் பார்க்கலன்னு எனக்கு தோணுது. அந்த ஜனங்களுக்கு மந்திரிசபையில இடம் இல்லாம இருந்தது தப்புன்னு அவருக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா விளைவு என்னன்னா வட மாவட்டத்துல காங்கிரஸுக்கு போட்டியா இருந்த ஒரே உள்ளூர் கட்சி ஒரு துப்பாக்கி சத்தம் இல்லாம முடிஞ்சுது.

எல்லாரும் காங்கிரஸுக்கு போயிட்டாங்களா?

இல்ல. ஏ. கோவிந்தசாமின்னு ஒருத்தர், விழுப்புரம் பக்கம், ஏ.ஜி.ன்னு கூப்பிடுவாங்க. உழைப்பாளர் கட்சியில 1952-ல எம்எல்ஏ ஆனவர். காங்கிரஸ்ல கரையுறதுக்கு ஒத்துக்கல, வெளிய வந்தாரு, பின்னாடி திமுகவுல சேர்ந்தாரு, 1957-ல ஜெயிச்ச 15 திமுக எம்எல்ஏங்கள்ல அவரும் ஒருத்தர். 1967-ல அண்ணா மந்திரிசபையில விவசாய மந்திரி. 1969-ல இறந்துட்டாரு.

திமுகவோட உதயசூரியன் சின்னமே இவர் நின்ன சின்னம்தான், இவர்தான் கட்சிக்கு குடுத்தாருன்னு திமுக மேடையிலயே சொல்வாங்க, இன்னைக்கும் விழுப்புரம் பக்கம் கூட்டம் போட்டா இதை சொல்லாம விட மாட்டாங்க. 1958-ல திமுகவுக்கு அங்கீகாரம் கிடைச்சப்ப அந்த சின்னமே நிரந்தரமா வந்துச்சு.

எனக்கு இந்த மொத்த கதையில ரொம்ப பிடிச்ச ஆள் இவர்தான். மந்திரி பதவி கிடைக்கிற பக்கம் போகாம பதிமூணு வருஷம் எதிர்க்கட்சியில காத்திருந்து மந்திரி ஆனவரு.

இது வன்னியர் கட்சி மட்டும்தானா? மத்தவங்க இல்லையா?

பேர்ல சாதி இல்ல, கவனிச்சீங்களா? உழைப்பாளர்னு ஒண்ணு, காமன்வீல்னா பொது நலம், அது ஒண்ணு. பேர் வைக்கிறப்பவே எல்லாரையும் சேர்த்துக்கணும்ங்கற ஆசை இருந்திருக்கு. காஞ்சிபுரத்துல காமன்வீல் சார்பா லோக்சபாவுக்கு போனவர் ஏ. கிருஷ்ணசாமி, அவர் சர் ஏ. ராமசாமி முதலியாரோட மகன். ஆனா அடிக்கட்டு ஒரே சமூகம்தான், அதை மறைக்க வேண்டியதில்ல.

அதே வயல்ல, அதே வெயில்ல அவங்களை விட கஷ்டமா உழைச்ச தலித் மக்களுக்கு இந்த உழைப்பாளர்ங்கற பேர்ல எவ்வளவு இடம் இருந்துச்சுங்கறதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அப்ப சில தொகுதியில ரெண்டு உறுப்பினர், ஒண்ணு பொது ஒண்ணு ரிசர்வ். கடலூர் லோக்சபா தொகுதியில பொது சீட் உழைப்பாளர் கட்சிக்கு, ரிசர்வ் சீட்ல ஜெயிச்சது காங்கிரஸ்ல நின்ன எல். இளையபெருமாள், தீண்டாமை பத்தி 1969-ல அறிக்கை குடுத்த கமிட்டிக்கு தலைவரா இருந்தவரு. ஒரே தொகுதி, ஒரே ஜனம், ரெண்டு எம்பி, ரெண்டு கட்சி. திண்டிவனத்துல மட்டும் ரெண்டு சீட்டையும் உழைப்பாளர் கட்சியே எடுத்துச்சு. அந்த ரெண்டு உழைக்கிற ஜனமும் ஒரு கட்சியா சேர்ந்திருந்தா வட தமிழ்நாட்டுல பின்னாடி நடந்த எத்தனையோ கலவரம், எரிஞ்ச குடிசை இல்லாம இருந்திருக்கும். அந்த வாய்ப்பு பேர்ல மட்டும் இருந்துச்சு, வேலையில வரல, இதை எழுதுறப்ப மனசு கஷ்டமாதான் இருக்கு.

கட்சி ஏன் இவ்வளவு சுலபமா கலைஞ்சுது?

தலைவருக்கு கீழ ஒண்ணும் கட்டலங்க. திமுக அதே வருஷங்கள்ல என்ன பண்ணிட்டு இருந்துச்சு பாருங்க: படிப்பகம், மன்றம், பத்திரிகை, நாடகம், டீக்கடையில பேப்பர் படிச்சு காட்டுறது. தலைவர் மாறினாலும் அடியில இருக்கிறவன் கட்சிக்காரனாவே இருப்பான். இவங்களுக்கு அடியில இருந்தது ஏற்கெனவே இருந்த சொந்த பந்தமும் ஊர் நாட்டாமையும்தான், அது கட்சி வராததுக்கு முன்னாடியும் இருந்துச்சு, போனதுக்கு அப்புறமும் இருந்துச்சு, கட்சியை காப்பாத்தணும்னு அதுக்கு ஒரு அவசியமும் இல்ல.

ரெண்டாவது, கோரிக்கை என்னன்னே எழுத்துல தெளிவா பேரம் பேசல. ரெண்டு மந்திரி கிடைச்சுது. இத்தனை சதவீதம் இடஒதுக்கீடு, இத்தனை பள்ளிக்கூடம்னு ஒரு சட்டமா எதுவும் அவங்க பேர்ல வரல. மந்திரி பதவி ஆளோட போயிடும், சட்டம் நிக்கும்.

அப்புறம் அந்த தலைவர்கள் என்ன ஆனாங்க?

மாணிக்கவேலு நாயக்கர் 1962 வரைக்கும் மந்திரியா இருந்தாரு, 1964-ல இருந்து 1970 வரைக்கும் சட்ட மேலவைத் தலைவர். படையாட்சியார் ரொம்ப காலம் ஏத்த இறக்கத்துல இருந்து, 1980-லயும் 1984-லயும் திண்டிவனத்துல காங்கிரஸ் எம்பியா ஜெயிச்சாரு. 1992-ல காலமானாரு.

பாமகவுக்கும் இதுக்கும் தொடர்பு உண்டா?

நேரடியா அதே கட்சி இல்ல. ஆனா அதே மண்ணு, அதே கேள்வி. 1980-ல டாக்டர் ராமதாஸ் வன்னியர் சங்கம் ஆரம்பிச்சாரு, 1987 செப்டம்பர்ல ஒரு வாரம் சாலை மறியல், 21 பேர் செத்துப்போனாங்க. 1989-ல மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் வந்துச்சு, அதே வருஷம் ஜூலையில பாமக. 1954-ல இருந்து எண்ணிப்பாருங்க, முப்பத்தஞ்சு வருஷம். 25 எம்எல்ஏ கையில இருந்தப்ப கேட்டு வாங்க வேண்டியதை அடுத்த தலைமுறை ரோட்டுல படுத்து உயிரை குடுத்து வாங்கினாங்க. அப்பவே கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களாங்கறது வேற, கேட்டிருக்கணும்.

பாமக கூட்டணி மாறிகிட்டே இருக்குன்னு திட்டுறவங்க நிறைய பேர். அந்த கட்சி மேல எனக்கும் விமர்சனம் இருக்கு. ஆனா எந்த கூட்டணிக்கு போனாலும் கட்சியை கலைக்க மாட்டோம், கொடி தனி, சின்னம் தனின்னு அவங்க நிக்கிறாங்க பாருங்க, அது 1954-ல இருந்து கத்துக்கிட்டதுன்னுதான் நான் சொல்வேன்.

இப்ப அவங்க நினைவா எங்கயாவது ஏதாவது இருக்கா?

இருக்கு. கடலூர் மஞ்சக்குப்பத்துல ராமசாமி படையாட்சியாருக்கு மணிமண்டபம், 2019-ல அதிமுக ஆட்சியில எடப்பாடி பழனிசாமி திறந்தாரு, அதே வருஷம் சட்டசபையில படமும் வச்சாங்க, செப்டம்பர் 16 பிறந்தநாள் அரசு விழா. விழுப்புரத்துல ஏ. கோவிந்தசாமிக்கு நினைவு அரங்கமும், 1987-ல செத்துப்போன 21 பேருக்கு மணிமண்டபமும், 2025 ஜனவரியில திமுக ஆட்சியில ஸ்டாலின் திறந்தாரு. கடலூர்ல இருந்து விழுப்புரத்துக்கு பஸ்ல ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள போயிடலாம், போனா ரெண்டையும் ஒரே நாள்ல பார்த்துட்டு வாங்க.